சேலமும் டான்வர்ஸும்: 1692-ஆம் ஆண்டு வழக்குக் கட்டைத் தேடி ஒரு சுற்றுப்பயணம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்துக்குப் போக நினைப்பவர்கள் அக்டோபர் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். எந்த மாதத்தில் போனாலும் சேலத்தோடு நின்றுவிடாமல் ஐந்து மைல் தள்ளியிருக்கும் டான்வர்ஸையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1692-இன் சூனிய வழக்குகள் என்றால் எல்லோரும் சேலத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் சிறுமிகள் இருவர் துடித்து விழுந்ததும், முதல் புகார் கிளம்பியதும், முதல் விசாரணை நடந்ததும் அன்று சேலம் கிராமம் என்று அழைக்கப்பட்ட ஊரில். அந்தக் கிராமம் 1752-இல் டான்வர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. நீதிமன்றமும் சிறையும் இருந்த சேலம் நகரம் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு இன்றுவரை அதில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுவதும் கேஸ் கட்டுகளோடு கழிந்தது. ஆகவே இந்த இடங்களுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் என் தொழிற்புத்தி கலந்திருக்கும். ஓர் இடத்துக்குப் போனால் நான் பார்த்தது இதைத்தான்: குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழுகிறதா, அல்லது அவரைப் பற்றி ஊர் சொன்னது மட்டும்தான் விழுகிறதா? வாக்குமூலங்கள் இவ்வளவு ஏராளமாகப் பிழைத்திருக்கும் பழைய வழக்கு வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு பொம்மலாட்டம் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. "அம்மா, இது சுற்றுலா. நீ இங்கே கட்டைப் பிரித்துப் பார்க்க வரவில்லை" என்று மகள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம் இது. சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் ஒன்பது வயது மகளுக்கும், அதே வீட்டில் வளர்ந்த உறவுக்காரச் சிறுமிக்கும் இன்னதென்று புரியாத வலிப்பு வந்தது. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். மார்ச் 1 அன்று சாரா குட், சாரா ஆஸ்பர்ன் என்ற இரு பெண்களையும், பாரிஸ் வீட்டில் அடிமையாக இருந்த டிடூபாவையும் விசாரித்தார்கள். அங்கே பற்றிய தீ அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவியது. 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர்: 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறைக்குள்ளேயே ஐந்து பேராவது மாண்டார்கள். யாரையும் தீயிட்டு எரிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது; பிறகு வருகிறேன்.

பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் சேலம். காரில் போய் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட இது நிம்மதி. ஸ்டேஷனிலிருந்து முக்கியமான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். நடக்கும்போதே ஊரின் சுபாவம் புரிந்துவிடும். போலீஸ் காரில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி சின்னம். பள்ளிக்கூட விளையாட்டு அணிக்கும் அதே பெயர். ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் சூனியக்கார நாயகிக்கு 2005-இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பிறை நிலாவின் முன்னால் துடைப்பத்தின்மேல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் 1692-இன் நீதிமன்றம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகை இருக்கிறது. அங்கே நின்று படித்தவர்கள் நானும் மகளும் மட்டும்தான். இன்னும் வேடிக்கை, ஊரை நிறுவிய ரோஜர் கோனண்ட்டின் சிலை. நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியுமாக நிற்பதால் அந்த மனிதரை மந்திரவாதி என்று நினைத்து ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நேராக நினைவிடத்துக்குப் போய்விடுங்கள். கட்டணம் இல்லை. வழக்குகளின் 300-ஆவது ஆண்டான 1992-இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் நாஜி முகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல். முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இடுப்பளவு உயரத்தில் கருங்கல் சுவர், நடுவில் புல்தரை, சில மரங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள் இருபது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படிக் கொல்லப்பட்டார், எந்தத் தேதி என்பது மட்டும். சிலை கிடையாது, சித்திரம் கிடையாது.

உள்ளே நுழையும்போது காலுக்குக் கீழே பார்க்கத் தவறாதீர்கள். வாசற்படிக் கற்களில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொன்ன வார்த்தைகள் அவை. நான் குற்றமற்றவள் என்பது கடவுளுக்குத் தெரியும் என்று ஒருவர். இந்த அக்கிரமத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று இன்னொருவர். படித்துக்கொண்டே போனால் வாக்கியம் முடிவதற்குள் சுவர் வந்துவிடுகிறது. மீதி எழுத்துகள் சுவருக்கு அடியில் போய்விட்டன. நான் குனிந்து, கடைசியாகத் தெரிந்த எழுத்தின் பாதியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரப் பாசி படிந்திருந்தது. எழுத்தின் இடதுபாதி வெளியே, வலதுபாதி கல்லுக்குள். சாட்சிக்கூண்டில் நிற்பவரை முடிக்கவிடாமல் அதட்டி உட்காரவைக்கும் நீதிபதிகளின் கீழ் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அதட்டலை இவ்வளவு துல்லியமாகக் கல்லில் வடிக்க முடியும் என்று நினைத்ததில்லை. வடிவமைத்தவர்களுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அந்தப் படிக்கற்களை மிதித்துக்கொண்டு, கீழே ஏதோ எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் கூட்டம் உள்ளே போகிறது. பெயர் வெட்டிய பலகையின்மேல் ஒருவர் ரொட்டியைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் என்ன நடக்கும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுமார் 45,000 பேர் வாழும் ஊருக்கு, பேய்வேடமிடும் ஹாலோவீன் பண்டிகை வரும் அந்த ஒரு மாதத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

நினைவிடத்தை ஒட்டியே 1637-இல் ஏற்பட்ட பழைய கல்லறைத் தோட்டம். கொல்லப்பட்டவர்கள் யாரும் இங்கே புதைக்கப்படவில்லை. புதைக்கப்பட்டவர்களில் ஒருவர், விசாரணை நடத்திய நீதிபதி ஜான் ஹாத்தோர்ன். அவருடைய கல்லைச் சிதையாமல் இருக்க இன்னொரு கல்லுக்குள் பதித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இருபது பேரில் பெரும்பாலோருக்கு மண் எங்கே என்று தெரியாது. நீதிபதிக்கு விலாசம் இருக்கிறது. இதைச் சொல்லும் பலகை எதுவும் வேண்டியதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும்.

அடுத்து, சூனியக்காரி வீடு என்று எல்லா வரைபடங்களிலும் போட்டிருக்கும் கறுத்த மரவீடு. இதற்கு டிக்கெட் உண்டு. உள்ளே எந்தச் சூனியக்காரியும் வசித்ததில்லை. வசித்தவர் ஜானதன் கார்வின் என்ற நீதிபதி. சேலத்தில் இந்த வழக்குகளோடு நேரடித் தொடர்புள்ள கட்டடங்களில் இன்றும் நிற்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். 1940-களில் சாலையை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட இருந்ததை ஊரார் பணம் திரட்டிச் சுமார் 35 அடி பின்னுக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். 1692-ஐத் தெரிந்துகொள்ளப் போனால் கொஞ்சம்தான் கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு வசதியான குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைப் பார்க்கப் போனால் நிறைவாக இருக்கும். தாழ்ந்த கூரை, ஆள் நுழையுமளவுக்கு அடுப்பு, அந்தக் காலத்து மருந்துப் பொருள்கள். கார்வின் அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த கதை முக்கியமானது. நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி இந்த வழக்குகள் பிடிக்காமல் விலகிக்கொண்டார். அந்தக் காலியிடத்தில் கார்வின் போய் உட்கார்ந்தார். ஒருவர் எழுந்து போக முடிந்தது என்பதும், இன்னொருவர் வந்து உட்கார்ந்தார் என்பதும் அந்த வீட்டின் படியில் ஏறும்போது நினைவில் இருந்தால் கொடுத்த காசு வீண்போகாது.

இப்போது பொம்மைகள். சேலத்தில் ஆளுயரப் பொம்மைகளையும் ஒலி-ஒளியையும் வைத்துக் கதை சொல்லும் கூடங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. நாங்கள் நுழைந்த ஒன்றின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இருட்டில் உட்காரவைத்தார்கள். கரகரத்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் கதை சொன்னது. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. பொம்மையின் விரல் ஒன்று உடைந்து, உள்ளிருந்த கம்பி தெரிந்தது. வெளியே வரும் வழி கடைக்குள்தான் போகிறது. அந்தக் கடையில், தூணில் கட்டி எரிக்கப்படும் பெண்ணின் படம் போட்ட கோப்பை விற்றார்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லையே என்று காசாளராக இருந்த பையனிடம் கேட்டேன். "தெரியும் மேடம், ஆனால் அதுதான் விற்கிறது" என்றான். அவன் நேர்மைக்காக அவனுக்கு மட்டும் ஒரு மதிப்பெண். ஆங்கிலேயச் சட்டப்படி சூனியம் கொடுங்குற்றம். அதற்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஐரோப்பாவின் வேறு நாடுகளில். இந்த ஒரு விவரத்தைக்கூடச் சரியாகச் சொல்லாத கடைகளுக்கு வரலாற்றின் பெயரால் வசூலிக்க என்ன உரிமை?

குழந்தைகளோடு போகிறவர்கள் பொம்மைக் கூடத்துக்குப் பதிலாக விசாரணை நாடகத்துக்குப் போங்கள். 1692-இல் முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்பை நடிகர்கள் விசாரிக்கிறார்கள். பார்வையாளர்கள்தான் ஜூரி, கேள்வியும் கேட்கலாம். எனக்குப் பக்கத்திலிருந்த பெண், "ஆவி வந்ததை உங்களைத் தவிர வேறு யார் பார்த்தார்கள்?" என்று ஒரு சாட்சியைக் கேட்டாள். அன்று யாராவது விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுரு வந்து தன்னைக் கிள்ளியது, கடித்தது என்று ஒருவர் சொன்னால் அது சாட்சியமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த நேரத்தில் தான் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக நிரூபித்தாலும் பயனில்லை, வந்தது ஆவிதானே! எந்த வக்கீலும் உடைக்க முடியாத சாட்சியம். போதாக்குறைக்கு அவர்களுக்கு வக்கீலே கிடையாது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693-இல் புது நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தைத் தள்ளிவைத்து விசாரித்ததும் வழக்குகள் அநேகமாக எல்லாமே விடுதலையில் முடிந்தன.

பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு நான் ஆவலோடு போனேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மூல ஆவணங்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்தது இந்த நிறுவனம். 2023-இல் அவற்றைப் பாஸ்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மூலத்தாள்களைத் தேடிச் சேலத்துக்கு வர வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் என்னை நிற்கவைத்தவை ஜார்ஜ் ஜேக்கப்ஸ் என்ற முதியவருடைய ஊன்றுகோல்கள். நடக்க முடியாமல் கோலூன்றி நீதிமன்றத்துக்கு வந்தவர் அவர். அவருடைய ஆவி அதே கோலால் தன்னை அடித்தது என்று சாட்சி சொன்னார்கள்.

காகிதங்களின் படங்களையும் எழுத்துப் பிரதிகளையும் வர்ஜீனியா பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. போவதற்கு முன் அதில் ஓர் இரவு செலவிடுங்கள். நான் மறக்காதது, பிரிட்ஜெட் பிஷப்பின் மரண வாரண்டு. 1692 ஜூன் 10, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் தூக்கிலிட வேண்டும் என்று தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் உத்தரவிடுகிறார். நிறைவேற்றியாயிற்று என்று ஷெரீஃப் ஜார்ஜ் கார்வின் எழுதிய குறிப்பும் அதிலேயே இருக்கிறது. நீதிபதி கார்வினின் உறவினர். இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞன். தூக்கிலிட்டு அங்கேயே புதைத்தேன் என்று எழுதியவன், புதைத்த விவரத்தை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறான். ஏன் அடித்தான்? உத்தரவில் இல்லாததை எழுதிவிட்டோம் என்று யாராவது சொன்னார்களா, புதைக்கவே இல்லையா? அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் கேட்பது எங்கள் வழக்கம். இவனிடம் யாரும் கேட்கவில்லை.

கோரியின் சாவைப் பற்றி ஊர் வழிகாட்டிகள் சொல்வதில் ஒரு திருத்தம். அவர் வாயே திறக்கவில்லை என்பார்கள். குற்றமற்றவன் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு, ஜூரி விசாரணைக்கு உட்படுகிறேன் என்ற சம்பிரதாய வார்த்தையைத்தான் சொல்ல மறுத்தார். அது இல்லாமல் வழக்கை நடத்த முடியாது. அதைச் சொல்லவைப்பதற்காகத்தான் கற்களை ஏற்றினார்கள். எண்பது வயதை ஒட்டிய மனிதர். அந்த நீதிமன்றம் அப்படியே எல்லோரையும் தண்டித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அதற்குத் தலைகுனிய மறுத்தார் என்றே நான் படிக்கிறேன். செப்டம்பர் 19 அன்று இறந்தார். அது நடந்த இடம் என்று சொல்லப்படும் ஹோவர்டு வீதிக் கல்லறைப் பக்கம் பார்க்க அதிகம் ஒன்றுமில்லை, நேரமில்லாதவர்கள் விட்டுவிடலாம்.

விடக்கூடாத இடம் ப்ராக்டர்ஸ் லெட்ஜ். சேலத்துக்கு வருபவர்களில் பலர் இதை எட்டிப் பார்ப்பதே இல்லை. போப் வீதியில், சாதாரண வீடுகளுக்கு நடுவில், ஒரு மருந்துக்கடையின் கார் நிறுத்துமிடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும் பாறை மேடு இது. பத்தொன்பது பேரையும் தூக்கிலிட்டது இங்கேதான். உயரமான குன்றின் உச்சியில் நடந்தது என்றே வெகுகாலம் நம்பினார்கள். சிட்னி பெர்லி என்ற வரலாற்றாளர் நூறாண்டுகளுக்கு முன்பே இந்தத் தாழ்ந்த மேடுதான் என்று எழுதினார். நகராட்சி 1936-இல் நிலத்தை வாங்கியது. ஆனால் அடையாளம் வைக்கவில்லை, புதர் மண்டிக் கிடந்தது. 2016-இல் ஆய்வுக் குழு ஒன்று இடத்தை உறுதி செய்தது.

உறுதி செய்த விதம்தான் எனக்குத் தேன். ரெபெக்கா ஈம்ஸ் என்ற பெண்ணை 1692 ஆகஸ்ட் 19 அன்று விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றுதான் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். நீ தூக்கு நடந்த இடத்தில் இருந்தாயா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். குன்றுக்குக் கீழே உள்ள வீட்டில் இருந்தேன், அங்கிருந்து சில ஆட்களைப் பார்த்தேன் என்று பதில் சொல்கிறாள். அந்த வீட்டுக்காரியின் காலில் ஊசி குத்திய சங்கதியும் வருகிறது. அதைத் தான் செய்யவில்லை என்கிறாள். எழுத்தர் இதையும் விடாமல் எழுதிவைத்தார். அந்த வீடு பாஸ்டன் வீதியில் எங்கே இருந்தது என்பதைப் பழைய பத்திரங்களிலிருந்து கண்டுபிடித்து, அங்கிருந்து பார்த்தால் எந்த மேடு தெரியும், எது மறையும் என்று கணக்கிட்டார்கள். உச்சி தெரியாது, இந்தப் பாறை தெரியும். எதிர்காலத்துக்குப் பயன்படும் என்று நினைத்தா அந்த எழுத்தர் எழுதியிருப்பார்? கேட்டதை எழுதினார், அவ்வளவுதான். ரேடார் வைத்து மண்ணையும் சோதித்தார்கள். எலும்புகள் இல்லை, புதைக்கும் ஆழத்துக்கு அங்கே மண்ணே இல்லை.

2017 ஜூலை 19 அன்று இங்கே நினைவிடம் திறந்தார்கள். ஐந்து பெண்களைத் தூக்கிலிட்டதன் 325-ஆவது ஆண்டு நாள் அது. அரைவட்டக் கருங்கல் சுவர், அதில் பத்தொன்பது பெயர்கள், நடுவில் ஓர் ஓக் மரம். மிகச் சிறிய இடம். நாங்கள் நின்ற நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். குடியிருப்புப் பகுதி என்பதால் சத்தம் போடாதீர்கள், பாறையில் ஏறாதீர்கள். கார் நிறுத்த இடமில்லை, நடந்து வாருங்கள்.

இனி டான்வர்ஸ். ரயில் கிடையாது. எங்களை மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். கார் இல்லாதவர்கள் சேலத்திலிருந்து டாக்ஸி பிடிப்பது நல்லது, ஏனென்றால் பார்க்க வேண்டியவை சிதறிக் கிடக்கின்றன. சேலத்தில் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி உண்டு; இங்கே கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டும். அது இந்த ஊரின் கூச்சமா, அலட்சியமா என்று தெரியாது. குறையென்றே சொல்வேன்.

பாரிஸ் பாதிரியாரின் வீடு இருந்த இடம் இரண்டு வீடுகளுக்கு இடையே போகும் ஒரு சந்தின் முடிவில் இருக்கிறது. யாருடைய கொல்லைக்குள்ளோ நுழைவது போல் தயக்கமாக இருக்கும்; தயங்காமல் போங்கள். 1970-இல் அகழ்ந்து எடுத்த அடித்தளக் கற்கள், புல்லுக்கு நடுவே ஒரு பள்ளம், சில விளக்கப் பலகைகள். கட்டணம் இல்லை, காவலர் இல்லை. அந்தப் பள்ளம் எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். பெற்றோர், குழந்தைகள், அடிமைகள் என்று இத்தனை பேர் இந்த அளவு வீட்டில், மாசசூசெட்ஸ் குளிர்காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை அலறினால் யாருக்கும் ஒதுங்க இடமில்லை. எந்தப் பொம்மைக் கூடமும் இதை எனக்குச் சொல்லவில்லை.

ஹோபார்ட் வீதியில், முதல் விசாரணை நடந்த சபைக்கூடம் இருந்த இடத்துக்கு எதிரே டான்வர்ஸின் நினைவுச் சின்னம். இதுவும் 1992-இல் வந்தது. கல்லில் ஒரு புத்தகம், அதையொட்டிப் பெரிய கைவிலங்குகள், பின்னால் உயரமான சுவர். அழகில் சேலத்துக்கு இணையில்லை. ஆனால் இங்கே பெயர்கள் இருபது அல்ல, இருபத்தைந்து. சிறையில் இறந்த ஐந்து பேரையும் சேர்த்திருக்கிறார்கள். அவர்களில் லிடியா டஸ்டின் என்ற முதியவளைத் தேடிப் பார்த்தேன். அவளை நீதிமன்றம் குற்றமற்றவள் என்று விடுவித்துவிட்டது. ஆனால் சிறையிலிருந்த நாள்களுக்குச் சாப்பாட்டுச் செலவையும் கட்டணத்தையும் கைதியே கட்ட வேண்டும். கட்டினால்தான் கதவு திறக்கும். அவளிடம் பணமில்லை. விடுதலைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1693 மார்ச்சில் சிறையிலேயே இறந்தாள். தீர்ப்பு நகல் போய்ச் சேராமல் ஜாமீன் கிடைத்தவர்கள் உள்ளேயே கிடந்ததை நான் பார்த்திருப்பதால் இந்தப் பெயரைக் கடந்து போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. டிடூபாவும் கட்டணம் கட்ட ஆளில்லாமல் ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவள். உயிரோடு வெளியே வந்தவள் என்பதால் இரண்டு ஊர்ச் சுவர்களிலும் அவள் பெயர் இல்லை.

ரெபெக்கா நர்ஸ் பண்ணைவீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு. குளிர்காலத்தில் திறப்பதில்லை, மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவர் மனப்பாடம் ஒப்பிக்கவில்லை. கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். இந்தச் சுற்றுப்பயணத்திலேயே மிகச் சிறந்த வழிகாட்டி அவர்தான்.

ரெபெக்காவுக்கு அப்போது 71 வயது. ஊரில் மரியாதையோடு வாழ்ந்தவள். அவளுக்காக அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ நாற்பது பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். சூனியக்காரிக்குப் பரிந்து பேசினால் அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்கும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்துகள். ஜூரி அவளைக் குற்றமற்றவள் என்றது. உடனே சிறுமிகள் கூச்சல் போட்டார்கள். இன்னொரு கைதியைப் பார்த்து ரெபெக்கா, இவள் எங்களில் ஒருத்தி என்ற பொருளில் ஏதோ சொன்னாளே, அதை யோசித்தீர்களா என்று தலைமை நீதிபதி ஜூரியைக் கேட்டார். ஜூரியின் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் அதற்கு விளக்கம் கேட்டபோது அவள் பதில் பேசவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு மாறியது. எனக்குக் காது மந்தம், துக்கத்தில் இருந்தேன், கேள்வியே விழவில்லை, சக கைதி என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று பிறகு எழுதிக்கொடுத்தாள். ஆளுநர் கொடுத்த தண்டனை நிறுத்தமும் திரும்பப் பெறப்பட்டது. கேள்வி காதில் விழுந்ததா என்று ஒருமுறை உரக்கக் கேட்டிருந்தால் ஒரு கிழவி பிழைத்திருப்பாள். எங்கள் கோர்ட்டில் டவாலி செய்யும் வேலை அது.

சாய்ந்த கூரையோடு கறுத்து நிற்கும் பண்ணைவீடு, பக்கத்தில் சபைக்கூடத்தின் மாதிரிக் கட்டடம். இந்த மாதிரி 1980-களில் ஒரு படப்பிடிப்புக்காகக் கட்டியது. அப்படியிருந்தும் பழுதில்லை, அதன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் குற்றம் சாட்டப்பட்டவரும் கூச்சலிட்டவர்களும் எவ்வளவு நெருக்கத்தில் இருந்திருப்பார்கள் என்பது தெரியும். பிறகு வயல் ஓரமாக நடந்தால் மரங்களுக்கிடையே குடும்பக் கல்லறை. தூக்கிலிட்ட இரவே பிள்ளைகள் உடலை எடுத்துவந்து இங்கே எங்கோ புதைத்தார்கள் என்பது குடும்ப வழிச் செய்தி. 1885-இல் சந்ததியினர் தூண் ஒன்று எழுப்பினார்கள். 1892-இல் இன்னொரு கல் வைத்து, மனுவில் கையெழுத்திட்ட அண்டைவீட்டாரின் பெயர்களை அதில் பொறித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கல் வைத்த ஊர்கள் உண்டு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கல் வைத்து நான் பார்த்தது இங்கேதான். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். மாப்பிள்ளை பொறுமையாக நின்றார், பாவம்.

சற்றுத் தள்ளி ஊன்றுகோல் ஜார்ஜ் ஜேக்கப்ஸ். அவருடைய நிலத்தில் கிடைத்து, அவருடையவை என்று கருதப்பட்ட எலும்புகளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, 1992-இல் இங்கே அடக்கம் செய்தார்கள். அந்தக் காலத்துப் பாணியிலேயே செதுக்கிய கல். விசாரணையில் அவர் நீதிபதிகளிடம் சொன்னதை அதில் வெட்டியிருக்கிறார்கள்: எரித்தாலும் சரி, தூக்கில் போட்டாலும் சரி, நான் கிறிஸ்துவின் சத்தியத்தில் நிற்பேன். இந்த வாக்கியத்தைச் சுவர் எதுவும் மறிக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் பார்க்கலாமா என்று கேட்டால், கார் இருந்தால் பார்க்கலாம். காலையில் டான்வர்ஸை முடித்துவிட்டு மதியம் சேலத்துக்கு வருவது நல்லது. நாங்கள் மாற்றிச் செய்ததால் பண்ணைவீட்டில் அவசரப்பட வேண்டியிருந்தது. நேரம் குறைவாக இருந்தால் பொம்மைகளையும் கடைவீதியையும் வெட்டிவிடுங்கள். ப்ராக்டர்ஸ் லெட்ஜை வெட்டாதீர்கள். வழக்கு எப்போது முடிந்தது என்று பிள்ளைகள் கேட்டால் 1693 என்று சொல்லிவிடாதீர்கள். 1711-இல் பலருடைய தண்டனையை ரத்து செய்து, குடும்பங்களுக்கு மொத்தம் 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கினார்கள். விட்டுப்போனவர்களின் பெயர்களை 1957-இலும் 2001-இலும் சேர்த்தார்கள். அப்போதும் எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண்ணின் பெயர் விடுபட்டுப்போய், நார்த் ஆண்டோவர் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து மனுப்போட்டு 2022-இல்தான் விடுவித்தார்கள். 329 ஆண்டு வாய்தா. என் அனுபவத்தில் அவ்வளவு நீண்டதைப் பார்த்ததில்லை, கிட்டத்தட்ட நீண்டதைப் பார்த்திருக்கிறேன்.